துர்பே வரை ஒரே தண்டவாளம்தான்: சதுரங்கத் தொடக்க ஆட்டத்தில் நகர்த்தலை எடைபோடும் பாடம்

மாயூரத்தில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் உலகச் சாம்பியன் ஆனார். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டே வயதில் சிங்கப்பூரில் அதே பட்டத்தை வென்றார். அதன் பின் நம் சங்கத்துக் குடும்பங்களில் சதுரங்கப் பலகை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கோபர்கைரனேயில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆட்டம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒரு குறையையும் காண்கிறேன்.

பிள்ளைகள் முதல் ஆறேழு நகர்த்தல்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடிவிட்டால் கை அப்படியே நின்றுவிடுகிறது. "ஏனப்பா அந்தச் சிப்பாயை நகர்த்தினாய்?" என்று கேட்டால், "அப்படித்தான் ஆடணும் அங்கிள், கிளாஸ்ல சொன்னாங்க" என்கிறார்கள். தோற்பதில் தவறே இல்லை. ஏன் தோற்றோம் என்பதே தெரியாமல் தோற்பதுதான் பிள்ளையை ஆட்டத்தை விட்டே விரட்டுகிறது. நன்றாக ஆடிய இரண்டு பிள்ளைகள் இப்படிப் பலகையை மூடி வைத்துவிட்டதைப் பார்த்த பிறகே இப்பாடத்தை எழுத முனைந்தேன்.

நான் பொறியியல் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சதுரங்கத்தில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆகையால் எனக்குத் தெரிந்த ரயில்வே மொழியிலேயே சொல்கிறேன்.

காய்களும் கட்டங்களும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் நாம் 'மந்திரி' என்பது மூலைவாட்டில் செல்லும் காயை. இங்கே மராத்தி, இந்தி பேசும் பிள்ளைகளுக்கு அது ஒட்டகம். அவர்கள் 'வஜீர்' என்பது நம் ராணியை. வஜீர் என்றாலும் மந்திரி என்றுதான் பொருள்! வீட்டில் தாத்தா "மந்திரியை எடு" என்றால், பள்ளியில் வஜீர் என்று பழகிய பேரன் ராணியைத் தூக்குகிறான். எனவே இப்பாடத்தில் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

கட்டங்களுக்கு, வெள்ளைக்காரரின் இடப்புறமிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என எட்டு வரிசைகள். வெள்ளையின் பக்கமிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜா முதலில் நிற்கும் கட்டம் ஈ1. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாஷி வண்டியா, பன்வேல் வண்டியா?

கோபர்கைரனே நிலையத்தில் நிற்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தாணேயிலிருந்து வரும் வாஷி வண்டியும் பன்வேல் வண்டியும் ஒரே தடத்தில்தான் வருகின்றன. அடுத்த நிலையமான துர்பே வரையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதன் பிறகு ஒன்று சான்பாடா வழியாக வாஷிக்குப் போகிறது. மற்றது ஜுயிநகர், நெருல் வழியாகப் பன்வேலுக்குப் போகிறது. "இரண்டில் எது நல்ல வண்டி?" என்று யாரும் கேட்பதில்லை. "நான் எங்கே போக வேண்டும்?" என்றுதான் கேட்கிறோம்.

தொடக்க ஆட்டமும் அப்படியே. முதல் சில நகர்த்தல்கள் பல திட்டங்களுக்கும் பொதுவானவை. பிறகு ஓர் இடத்தில் தடம் பிரிகிறது. அந்த இடத்தில் "எது நல்ல நகர்த்தல்?" என்ற கேள்வி அரைக் கேள்விதான். "எந்தத் திட்டத்துக்கு இது வழி?" என்பதே முழுக் கேள்வி. இப்பாடத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி உதாரணங்களைப் பார்ப்போம்.

இத்தாலியத் தொடக்கம்: நான்காவது நகர்த்தலில் பிரியும் தடங்கள்

பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கற்பது இத்தாலியத் தொடக்கம். வெள்ளை சிப்பாயை ஈ4-க்கும், கறுப்பு ஈ5-க்கும் நகர்த்துகின்றன. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் சி5. இதுதான் நம் துர்பே. இங்கே வெள்ளைக்கு முக்கியமாக மூன்று தடங்கள் உண்டு.

முதல் தடம்: சிப்பாய் சி3. இதன் நோக்கம் அடுத்து டி4 ஆடி, நடுப்பலகையில் இரண்டு சிப்பாய்களை அருகருகே நிறுத்துவது. கறுப்பு தன் மற்றக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவர, வெள்ளை டி4 ஆட, கறுப்பு அதை வெட்ட, வெள்ளை சி சிப்பாயால் திரும்ப வெட்டுகிறது. இப்போது கறுப்பு பிஷப் பயந்து பி6-க்குப் பின்வாங்கினால், வெள்ளைச் சிப்பாய்கள் டி5, ஈ5 என்று முன்னேறிக் குதிரைகளை விரட்டும். ஆனால் விவரம் தெரிந்த எதிராளி பின்வாங்க மாட்டார்; பி4-க்கு வந்து ராஜாவுக்கு 'செக்' கொடுப்பார். வெள்ளை பிஷப்பை டி2-இல் வைத்துத் தடுக்க, இரு பிஷப்புகளும் வெட்டுப்பட்டு வெள்ளைக் குதிரை டி2-க்கு வரும். உடனே கறுப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ளி, வெள்ளையின் நடுப்பலகையை உடைக்கும். சி3, டி4 என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை திகைத்து நிற்பது இங்கேதான்.

இரண்டாம் தடம்: சிப்பாய் டி3. இது அவசரமில்லாத பாசஞ்சர் வண்டி. ஈ4 சிப்பாய்க்குக் காவல் கிடைக்கிறது. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பி, யானையை ஈ1-க்குக் கொண்டுவந்து, பி1-இல் உள்ள குதிரையை டி2, எஃப்1 வழியாக ஜி3-க்குக் கொண்டுபோவது திட்டம். எல்லாம் தயாரான பின் டி4 ஆடலாம். அதற்கு டி சிப்பாய் ஒரே எட்டில் போகாமல் இரண்டு எட்டில் போகிறது. அதாவது ஒரு நகர்த்தல் செலவு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது பத்திரம்.

மூன்றாம் தடம்: சிப்பாய் பி4. இதற்கு எவன்ஸ் கேம்பிட் என்று பெயர். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் 1820-களில் கண்டுபிடித்தது. ஒரு சிப்பாயை வலியக் கொடுக்கிறோம். கறுப்பு பிஷப் அதை வெட்டியதும் சி3 ஆடி பிஷப்பை விரட்டுகிறோம், பிறகு டி4. சிப்பாயை விற்று நேரத்தை வாங்கும் வியாபாரம் இது. வாங்கிய நேரத்தில் உடனே தாக்காவிட்டால், முதலும் போய் வட்டியும் போன கதைதான்.

இன்னொரு நகர்த்தலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்: குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சி எஃப்7-ஐத் தாக்குவது. நாம் வைத்திருக்கும் நிலையில் இதை ஆடிப் பாருங்கள். கறுப்பு ராணி டி8-லிருந்து மூலைவாட்டில் வந்து குதிரையை இனாமாக வெட்டிவிடும்! ஆனால் கறுப்பு மூன்றாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்திருந்தால், அந்தக் குதிரையே தன் ராணியின் வழியை அடைத்துவிடும். அப்போது ஜி5 உண்மையான தாக்குதல் ஆகிறது. அதே காய், அதே கட்டம். ஒரு தடத்தில் தாக்குதல், அடுத்த தடத்தில் குதிரை நஷ்டம். நகர்த்தலை நிலையிலிருந்து பிரித்து மனப்பாடம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எடைபோட நான்கு கேள்விகள்

சிக்னல் பிரிவில் ஒரு மாறாத ஒழுங்கு உண்டு. வண்டி போக வேண்டிய வழியில் உள்ள பாயிண்டுகள் எல்லாம் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்பட்ட பிறகே சிக்னல் விழும். முதலில் பாயிண்டு, பிறகு பூட்டு, கடைசியில்தான் சிக்னல். சதுரங்கத்தில் காயைத் தொடுவதுதான் சிக்னல். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது போட்டி விதி. ஆகவே கை நீளுமுன் நான்கு கேள்விகளைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒன்று: எதிராளி சற்றுமுன் ஆடிய நகர்த்தல் எதை மிரட்டுகிறது?

இரண்டு: இந்த நகர்த்தலை ஆடினால், அதன் பின் நான் செய்யப்போகும் அடுத்த இரண்டு வேலைகள் என்ன? இதற்குப் பதில் இல்லையென்றால் அது திட்டமில்லாத நகர்த்தல்.

மூன்று: இதனால் நான் கொடுப்பது என்ன? சிப்பாய் பின்னால் வராது என்பதை நினைவில் கொள்க. உதாரணமாக, சி3 ஆடினால் டி4-க்கு வழி கிடைக்கிறது. ஆனால் பி1 குதிரைக்கு இயல்பான சி3 கட்டம் போய்விடுகிறது.

நான்கு: எதிராளியின் மிகச் சிறந்த பதில் எது? அவர் நாம் விரும்புவதை ஆடுவார் என்று எண்ணக் கூடாது. எனக்கு மிகவும் தொல்லை தரும் பதில் எது என்று தேட வேண்டும்.

வீட்டுப் பயிற்சியில் ஒரு தாளை நடுவில் மடித்து, 'கிடைப்பது', 'கொடுப்பது' என்று இரு பக்கமும் எழுதச் சொல்கிறேன். இரண்டு அல்லது மூன்று நகர்த்தல்களுக்கு மட்டும் எழுதினால் போதும். போட்டியில் இப்படி எழுத அனுமதி கிடையாது. ஆனால் வீட்டில் நாற்பது, ஐம்பது முறை எழுதிய பிள்ளைக்குப் போட்டியில் தாள் தேவைப்படாது.

நியூயார்க், 1995: ஒரே நிலை, இரண்டு நகர்த்தல்கள்

இது சிறு பிள்ளைகளுக்கான பாடம் மட்டும்தானா என்று கேட்கலாம். உலகச் சாம்பியன் பட்டப் போட்டியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆனந்தின் தந்தை தெற்கு ரயில்வேயில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், எங்கள் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை என்ற உரிமையோடு இந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1995 செப்டம்பரில் நியூயார்க் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107-ஆவது மாடியில் காஸ்பரோவும் ஆனந்தும் மோதினர். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் வென்று முன்னிலை பெற்றார். பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவுக்கு வெள்ளைக் காய்கள். ரூய் லோபஸ் என்ற தொடக்கம். நகர்த்தல்களைப் பலகையில் வைத்துப் பாருங்கள். முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு.

1. சிப்பாய் ஈ4, சிப்பாய் ஈ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் பி5, சிப்பாய் ஏ6. 4. பிஷப் ஏ4, குதிரை எஃப்6. 5. வெள்ளை ராஜா ஜி1 கோட்டைக்குள் போகிறது. கறுப்புக் குதிரை ஈ4 சிப்பாயை வெட்டுகிறது. 6. சிப்பாய் டி4, சிப்பாய் பி5. 7. பிஷப் பி3, சிப்பாய் டி5. 8. வெள்ளை டி சிப்பாய் ஈ5-இல் வெட்டுகிறது. கறுப்பு பிஷப் ஈ6. 9. பி1 குதிரை டி2-க்கு. கறுப்புக் குதிரை ஈ4-லிருந்து சி5-க்கு. 10. சிப்பாய் சி3, சிப்பாய் டி4. 11. குதிரை ஜி5, கறுப்புச் சிப்பாய் சி3-இல் வெட்டுகிறது. 12. குதிரை ஈ6 பிஷப்பை வெட்டுகிறது. எஃப் சிப்பாய் குதிரையை வெட்டுகிறது. 13. வெள்ளை பி சிப்பாய் சி3-இல் வெட்டுகிறது. கறுப்பு ராணி டி3-க்கு வருகிறது.

காய்களை எண்ணினால் இரு தரப்பும் சமம். ஆளுக்கு ஆறு சிப்பாய்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெள்ளை ராஜா பத்திரமாகக் கோட்டைக்குள் இருக்கிறது. கறுப்பு ராஜா இன்னும் ஈ8-இல் நிற்கிறது. எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் அசையவே இல்லை.

இதே போட்டியின் ஆறாவது ஆட்டத்திலும் இதே நிலை வந்தது. அப்போது காஸ்பரோவ் 14-ஆவதாக ஆடியது குதிரை எஃப்3. ஈ5 சிப்பாயைக் காக்கும் நகர்த்தல். கொடுப்பது ஒன்றுமில்லை, ஆனால் எதிராளிக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனந்த் உடனே ராணிப் பக்கம் கோட்டை கட்டினார். ஆட்டம் டிரா ஆயிற்று.

பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் அதே இடத்தில் தடம் மாறினார். ஆடியது பிஷப் சி2. ராணி விரட்டப்பட்டு சி3 சிப்பாயை வெட்டியது. அங்கிருந்து ஏ1 யானையையும் குறிவைத்தது. அடுத்து குதிரை பி3. கறுப்பு தன் குதிரையால் அதை வெட்ட, பிஷப் திரும்ப வெட்டியதும் ஏ1 யானைக்குக் காவல் இல்லாமல் போனது. கறுப்பு குதிரையை டி4-க்குக் கொண்டுவர, வெள்ளை ராணி ஜி4-க்குப் போனது. கறுப்பு ராணி யானையை விழுங்கியது. வெள்ளை பிஷப் ஈ6 சிப்பாயை வெட்டிக் கறுப்பு ராஜாவை நடுவிலேயே நிறுத்திவிட்டது. அடுத்த சில நகர்த்தல்களில் வெள்ளையின் மற்ற பிஷப் எச்6, ஜி7 வழியாகப் போய், இன்னும் அசையாமலே இருந்த எச்8 யானையை வெட்டியது. கொடுத்த யானை திரும்பி வந்தது. ராணிகள் வெட்டுப்பட்டபோது வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 38-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. போட்டியின் இறுதியில் காஸ்பரோவ் பத்தரைக்கு ஏழரை என்று வென்றார்.

நம் தாளில் எழுதிப் பார்ப்போம். குதிரை எஃப்3: கிடைப்பது சிப்பாய்க்குக் காவல், கொடுப்பது எதிராளியின் ராஜா தப்பிக்க நேரம். பிஷப் சி2: கிடைப்பது எதிராளியின் ராஜா நடுவில் மாட்டிக்கொள்வது, கொடுப்பது ஒரு சிப்பாயும் ஒரு யானையும். இரண்டாவது தடம் சரியாக வந்ததற்குக் காரணம், கறுப்பு ராஜா அன்று ஈ8-இல் இருந்ததுதான். அது கோட்டைக்குள் போய்விட்ட நிலையில் இப்படி யானையைக் கொடுத்தால் வெறும் நஷ்டம். யானைத் தியாகத்தைப் பார்த்து வியக்கும் பிள்ளைக்கு இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பான், 2008: தடத்தைத் தானே தேர்ந்தவர்

ஆனந்தின் கதை அத்துடன் முடியவில்லை. 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்துப் பட்டத்தைக் காக்க ஆடினார். வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் ராஜா முன்னுள்ள சிப்பாயை ஈ4-க்கு நகர்த்தியே ஆட்டத்தைத் தொடங்கியவர், அப்போட்டியில் ஒன்று தவிர மற்ற வெள்ளை ஆட்டங்களில் எல்லாம் ராணி முன்னுள்ள சிப்பாயை டி4-க்கு நகர்த்தித் தொடங்கினார். எதிராளி எந்தத் தடத்துக்குத் தயாராகி வந்திருப்பார் என்பதையும் எடைபோட்டிருந்தார்.

கறுப்புக் காய்களுடன் மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஆடியது மெரான் என்ற கூர்மையான தடம். 14-ஆவது நகர்த்தலில் பிஷப்பை பி7-இல் வைத்து, பி5 சிப்பாயை வெட்ட விட்டார். கொடுத்தது ஒரு சிப்பாய். கிடைத்தது இரண்டு: பி7-லிருந்து வெள்ளை ராஜாவின் இருப்பிடம் நோக்கிப் பாயும் பிஷப், காலியான ஜி வரிசையில் இறங்கும் யானை. அந்த ஆட்டத்தை வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே தடத்துக்கு வந்தார். ஆனந்த் 15-ஆவது நகர்த்தலில் பிஷப் டி6-க்குப் பதில் யானையை ஜி8-க்கு முதலில் கொண்டுவந்தார். மீண்டும் வெற்றி. போட்டியை ஆறரைக்கு நாலரை என்று வென்று பட்டத்தைக் காத்தார்.

நியூயார்க்கில் எதிராளி ஒரு நகர்த்தலை மாற்றினார். பானில் ஆனந்த் மாற்றினார். இரண்டிலும் மாற்றியவர் தாம் போகும் ஊரை அறிந்திருந்தார்.

பெற்றோர்களுக்கு

இப்போது கைபேசியிலேயே கணிப்பொறி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எண் காட்டுகிறது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் அடுத்து வரும் இருபது நகர்த்தல்களையும் கணிப்பொறியைப் போலவே ஆடுபவருக்கு உரிய எண் அது. உங்கள் பத்து வயது மகளுக்குப் புரியாத திட்டத்தின் முதல் நகர்த்தலைவிட, சற்றே எண் குறைந்தாலும் அவளுக்குப் புரிந்த திட்டத்தின் நகர்த்தலே மேல்.

ஆட்டம் தெரியாத தாய்மாரும் உதவ முடியும். பிள்ளை ஆடும்போது அருகில் அமர்ந்து, "இதை ஆடிட்டு அடுத்து என்ன செய்யப்போறே?" என்று மட்டும் கேளுங்கள். விடையைத் திருத்த வேண்டியதில்லை. சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தோற்று வந்த நாளில் "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "எந்த இடத்தில் தடம் பிரிந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை பலகையை மீண்டும் எடுத்து வைக்கும்.

வீட்டுப் பயிற்சி

1. வெள்ளை: ஈ4, குதிரை எஃப்3, பிஷப் சி4. கறுப்பு: ஈ5, குதிரை சி6, குதிரை எஃப்6. வெள்ளை குதிரை ஜி5, சிப்பாய் டி3, குதிரை சி3 ஆகிய மூன்றில் ஒன்றை ஆடலாம். ஒவ்வொன்றுக்கும் 'கிடைப்பது', 'கொடுப்பது' எழுதுக. ஜி5-க்குக் கறுப்பு டி5 என்று பதில் ஆடினால் உங்கள் திட்டம் என்ன?

2. முதல் தடத்தில் கறுப்பு பிஷப் பி4-இல் செக் கொடுத்தபோது, வெள்ளை பிஷப் டி2-க்குப் பதில் குதிரையை சி3-இல் வைத்துத் தடுக்கலாமா? எந்தச் சிப்பாய்க்குக் காவல் போதாமல் போகிறது? அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன?

இரண்டாம் கேள்விக்கு இருவேறு பிள்ளைகள் இருவேறு விடை எழுதலாம். காரணம் எழுதியிருந்தால் இரண்டையும் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் எழுதாத விடை சரியாகவே இருந்தாலும், தாளைத் திருப்பிக் கொடுத்துக் காரணத்தை எழுதி வரச் சொல்லுங்கள்.